பற்றுச்சீட்டில் ஒரு வரி: வன்னி நகை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பெருநிலத்தில் நகைக்கடை நடத்தும் வணிகப் பெருமக்களுக்கும் அவர்தம் சங்கங்களின் நிருவாகிகளுக்கும் வணக்கம்.

கல் பதித்த நகையை விற்கும்போது அது என்ன கல் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இது தங்களுக்குப் புதிய கோரிக்கை அல்ல. தங்கள் கடைகளில் என்னைப்போல் பலர் கேட்டிருப்பார்கள். சென்ற மாதம் நான் கேட்டபோது, "அப்படி எழுதிற வழக்கம் இல்லை, சேர்" என்ற பதில் மிகுந்த மரியாதையோடு கிடைத்தது. அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் அந்த வழக்கம் இல்லாமையால் என் வாயால் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதைத் தங்கள் முன் வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் மனைவிக்கு அவருடைய தாய் கொடுத்த சிவப்புக்கல் தோடு ஒரு சோடி இருந்தது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் இருந்தபோது அதைக் கொடுத்துத்தான் அரிசி வாங்கினோம். மகளின் கலியாணத்துக்கு அதே மாதிரி ஒரு சோடி வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றதால், இரண்டு வருடங்களுக்கு முன், காலபோக நெல் விற்ற காசோடு ஏ9 வீதியில் உள்ள ஒரு கடைக்குப் போனோம். கடையின் பெயரை எழுதவில்லை. ஒரு கடையோடு முடிகிற விடயமாக இருந்தால் அந்தக் கடைக்கே எழுதியிருப்பேன். விற்பனையாளர் கல்லின் கீழே ரோச் லைற் பிடித்து, "நிலத்தில எடுத்த அசல் மாணிக்கம்" என்று காட்டினார். கொடுத்த சிட்டையில் "கல்லுத் தோடு 1 சோடி, 22 கரட், 8.350 கிராம்" என்று இருந்தது. தங்கத்துக்குத் தரமும் மூன்று தசம தானத்தில் நிறையும் எழுதத் தெரிந்த பேனாவுக்கு, கல்லைப் பற்றி "கல்லு" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் ஊறவில்லை.

இந்தத் தை மாதம் ஒரு தோட்டின் தண்டு விட்டுப்போனது. சுரை ஏறவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல் எங்கள் ஊர்த் தாலிக்கொடிகளில் பாதி அவர் கைபட்டவை. "என்ன கல்லு, மாஸ்ரர்?" என்று கேட்டார். "அசல் மாணிக்கம்" என்றேன். மாணிக்கம் நெருப்புக்கு அஞ்சாத கல் என்பது பத்தருக்குத் தெரிந்த பாடம். அது உருக ஏறத்தாழ 2050 பாகைச் சூடு வேண்டும். ஆகவே கல்லைக் கழற்றாமலே தண்டைப் பற்றவைத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது அந்த ஒரு கல் மட்டும் வெளுத்திருந்தது. உள்ளே சிலந்தி வலை கட்டியதுபோல் வெடிப்புகள் ஓடின. விளிம்பில், ஊசி முனையளவில், எதுவோ உருகிக் கசிந்து உறைந்த துளிகள் இரண்டு நின்றன. மற்றத் தோட்டின் கல் மாதுளம் முத்துப்போல் அப்படியே இருந்தது. பட்டறை வாசலில் நாலுபேர் நின்றார்கள் என்பதைக்கூட எண்ணாமல், "கல்லை மாத்திப்போட்டீர்" என்று கத்தினேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் அது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. "நான் மாத்தேல்லை, மாஸ்ரர். ஆனா என்ர கையில நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாத் தாறன்" என்றார். அடுத்த இரண்டு மாதமும் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொண்டுவந்து தந்தார். நானும் எண்ணி வாங்கினேன்.

கொழும்பில் இருக்கும் மருமகன் இரண்டு தோடுகளையும் அங்குள்ள ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. நிறமும் மதிப்பும் குறைந்த, உள்ளெல்லாம் வெடித்த குருந்தக் கல்லை (மாணிக்கமும் இந்தக் கனிமத்தின் சிவப்பு வகைதான்) எடுத்து, அந்த வெடிப்புகளில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றித் தெளிவாக்கிய கல் அது. இந்த வகை 2004 ஆம் ஆண்டளவிலிருந்து உலகச் சந்தையில் பெருகியிருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் வில்லையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழிகளும் நீலநிற மின்னலும் தெரியும். பத்தரின் தீ மட்டுமல்ல, நகை வெளுக்கும் அமிலமும் அந்தக் கண்ணாடியை அரிக்கும். தேசிக்காய்ச் சாறுகூடப் போதும். ஆக, விற்பனையாளர் சொன்னதில் பொய்யில்லை. கல் நிலத்தில் எடுத்ததுதான். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பத்தர் வாங்கிக்கொண்டார், தேத்தண்ணி தந்தார். அந்தத் தோட்டை மட்டும் இனிக் கையில் எடுக்க மாட்டேன் என்றார். அன்று வாசலில் நின்ற நாலுபேரும் என் கத்தலைக் கேட்டார்கள். ஆய்வுகூடத்து அறிக்கையை அவர்களில் எத்தனைபேர் படிக்கப் போகிறார்கள்?

வைகாசியில் வற்றாப்பளைக்குப் போய்க் கண்ணகை அம்மனுக்குப் பொங்கும் மக்கள் நாங்கள். சிலம்புக்குள் இருந்தது மாணிக்கமா முத்தா என்று அறிய அதை உடைத்துக் காட்ட வேண்டியிருந்த கதை எங்களுக்குத் தாலாட்டோடு வந்தது. அந்தக் கதையில் பொற்கொல்லன் கள்வன். அதைக் கேட்டு வளர்ந்த நான், என் முன் நின்ற பத்தரையும் யோசிக்காமல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சிட்டையில் "கண்ணாடி நிரப்பிய மாணிக்கம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், அவர் கல்லைக் கழற்றிவிட்டுத் தீயை மூட்டியிருப்பார். நானும் என் வாயைக் காத்திருப்பேன்.

நான் செயற்கைக் கல்லுக்கு எதிரி அல்ல. பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்ற் வெர்னொய் தீச்சுவாலையில் மாணிக்கம் செய்யும் முறையை 1902 இல் அறிவித்த பிறகு தொழிற்சாலைச் சிவப்புக்கல் உலகமெங்கும் நகைகளில் ஏறிவிட்டது. மாத்தளனில் அரிசியாக மாறிய என் மாமியின் தோட்டிலும் அந்தக் கல்லே இருந்திருக்கலாம். அது நெருப்பையும் புளியையும் பூந்திக்கொட்டையையும் தாங்கியது. எவர் மானத்தையும் வாங்கவில்லை. அதேபோல், பால்போல் மங்கிக் கிடக்கும் நம் நாட்டுக் கெவுடக் கல்லைச் சூடேற்றினால் நல்ல நீலக்கல் கிடைக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தாய்லாந்துக்காரர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுட்டுப் பணக்காரர் ஆனார்கள். அந்த நிறம் நிலைத்து நிற்கும், ஆதலால் உலகம் ஏற்றுக்கொண்டது. ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரமும் 1954 இலிருந்து மனிதன் செய்துவரும் உண்மையான வைரம்தான். இவற்றில் எதையும் விற்பது குற்றம் இல்லை. எதை விற்கிறோம் என்று எழுதாமல் விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கள் கண்ணாடிப் பேழைகளில் "அமெரிக்கன் டயமண்ட்" என்று எழுதிய அட்டைகளைக் காண்கிறேன். அந்தக் கல் வைரமல்ல, கியூபிக் சிர்கோனியா. அதைப் பெருமளவில் வளர்க்கும் வழியை எழுபதுகளில் கண்டு சொன்னவர்களோ சோவியத் ஆய்வாளர்கள். அமெரிக்கனும் இல்லை, டயமண்டும் இல்லை. அந்த அட்டையில் உண்மையாக இருப்பது விலை ஒன்றுதான். அதையே சில இடங்களில் "சிர்கோன்" என்கிறார்கள். சிர்கோன் என்பது வேறு, மாத்தறை வைரம் என்று பழைய காலத்தில் பெயர்பெற்ற இயற்கைக் கல். கல்லில் வைத்தால் கீச்சென்று கத்தும் பேனாக் கருவியைக் காட்டி "பாருங்கோ, வைரம்" என்று சொல்பவர்களும் உண்டு. கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் அளக்கிற அந்தக் கருவி, வைரம்போல் தோன்றும் மொய்சனைற் என்ற வேறு கல்லுக்கும் அப்படியே கத்தும்.

இன்னொன்றும் கேட்கிறேன். விற்கும் நாளில் இரத்தினமாக இருக்கும் கல், அதே நகையை நாங்கள் திருப்பிக் கொண்டுவரும் நாளில் எப்படிக் கூழாங்கல் ஆகிறது? "கல்லுக்குப் பெறுமதி இல்லை, கழிக்க வேணும்" என்கிறீர்கள். அடைவு பிடிக்கும் இடங்களும் அப்படியே சொல்கின்றன. ஏ9 நெடுகிலும் அந்தப் பலகைகளுக்குக் குறைவில்லை. கழிக்கும்போது இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற கல்லின் நிறை, விற்கும்போது மட்டும் தங்கத்தோடு ஒட்டிக்கொள்வது ஏன்? தங்கத்தின் தரத்தைச் சொல்லும் கரட் வேறு, கல்லை நிறுக்கும் கரட் வேறு; அந்த நிறையில் 2 கரட் கல் 0.4 கிராம். இன்றைய பவுண் விலையில் அது எவ்வளவு என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேட்க வந்தவன் குற்றம் சாட்டுகிறவனாக மாறிவிட்டேன்; பொறுத்தருளுங்கள். வாடிக்கையாளரை ஏமாற்றும் கூற்றுகளைத் தடுக்கும் சட்டம் 2003 இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைக் காட்டி மிரட்டுவது என் நோக்கம் அல்ல. போர் முடிந்து கொட்டிலும் தகரமுமாக இருந்த காலத்தில், கடனுக்கு நகை தந்து எத்தனையோ கலியாணங்களை நடத்திவைத்தவர்கள் தாங்கள் என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன். கல் இயற்கையா, சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா, ஆய்வுகூடத்தில் வளர்த்ததா, வெறும் போலியா என்பதையும், கல்லின் நிறை தனியாக எவ்வளவு என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள். தங்களுக்கே தெரியாத கல் என்றால், "தெரியாது" என்று எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு வேண்டுகிறேன். அழைத்தால் வருவேன். அந்தத் தோடு இரண்டும் அறிக்கையும் என்னிடம் இருக்கின்றன. வில்லை தங்களிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளரான ஓர் ஓய்வுநிலை ஆசிரியர்