புரோகோரோவ்கா மேப் ஆடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற டாங்கிச் சண்டை வீடியோ விளையாட்டில் உனக்கு மிகவும் பிடித்த மேப் புரோகோரோவ்கா என்று எழுதியிருந்தாய். ரயில்பாதை மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கி, புதருக்குள் நின்று, தூரத்திலிருந்தே சுடுவதில் உனக்கு நல்ல கை. ரஷ்யாவில் இருக்கும் அந்த ஊரில், இரண்டாம் உலகப் போரின் கூர்ஸ்க் போரில், 1943 ஜூலை 12 அன்று சோவியத், ஜெர்மன் டாங்கிகள் மோதியபோது நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று காலை சோவியத் தளபதி ரோத்மிஸ்திரோவின் 5ஆம் காவலர் டாங்கிப் படை, ப்ஸ்யோல் ஆற்றுக்கும் அந்த ரயில்பாதைக்கும் இடையிலான குறுகலான வெளியில் பாய்ந்தது. 300 கிலோமீட்டருக்கு மேல் தன் சங்கிலிச் சக்கரத்திலேயே ஓடிவந்து சேர்ந்த படை அது. தாக்குதலைத் தொடங்க நினைத்திருந்த இடங்களை முந்தைய நாளே ஜெர்மானியர் பிடித்துவிட்டார்கள். எதிரே ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குச் சொந்தமான எஸ்.எஸ். அமைப்பின் டாங்கிப் படை. அதில் டைகர் என்ற கனரக டாங்கிகள் கொஞ்சம்தான், அப்போது புதிதாக வந்த பாந்தர் டாங்கி ஒன்றுகூட இல்லை. விளையாட்டில் அதே வயலில் பாந்தரைப் பார்த்துப் பழகிய உனக்கு இது வியப்பாக இருக்கும்.

உன் திரையில் கேமரா டாங்கிக்கு மேலே மிதக்கிறது. கூட்டாளி ஒருவன் எதிரியைக் கண்டால் உன் மினிமேப்பிலும் சிவப்புப் புள்ளி வந்துவிடுகிறது. நீ எதிரியின் கண்ணில் பட்டால் தலைக்கு மேல் பல்பு எரிகிறது. அன்று சோவியத் டாங்கியான டி-34க்குள் இருந்தவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. கோபுரத்தில் இரண்டே பேர். வண்டியின் தளபதியே பீரங்கியைக் குறிபார்க்க வேண்டும், வண்டியை வழிநடத்தவும் வேண்டும். பல வண்டிகளில் பேசும் ரேடியோவே கிடையாது. வெளியே புழுதியும் புகையும். எதிரிலிருந்த ஜெர்மன் டாங்கியான பான்சர் நான்கில் கோபுரத்தில் மூவர். தளபதிக்குச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே வேலை.

டைகரின் பக்கவாட்டுத் தகட்டைத் துளைக்கவே டி-34 மிக நெருங்கியாக வேண்டும். அதனால்தான் அப்படி விரைந்தார்கள். அப்புறம் அந்த அகழி! சோவியத் படையே முன்பு தற்காப்புக்காக வெட்டிய டாங்கித் தடுப்பு அகழி, 252.2 என்று வரைபடத்தில் உயரத்தால் குறிக்கப்பட்ட குன்றைத் தாண்டி இறங்கும் வழியில் கிடந்தது. வேகமாக வந்த வண்டிகள் சில அதற்குள்ளேயே விழுந்தன. மற்றவை கடக்க இடம் தேடித் திரும்பியபோது பக்கவாட்டில் அடி வாங்கின. அன்று அந்தப் படை சுமார் 300 வண்டிகளை இழந்ததாக ஆவணங்கள் சொல்கின்றன. ஜெர்மானியர் அடியோடு இழந்தவை மிகக் குறைவு. பல காலம் இதைச் சோவியத் தரப்பின் பெரிய வெற்றியாகவே எழுதிவந்தார்கள். கூர்ஸ்க் போரில் சோவியத் வென்றது உண்மை. ஆனால் அந்த வயலில் செத்த பையன்களின் கணக்கை அந்த வெற்றிக்குள் மறைத்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர்களில் பலருக்கு உன் வயதுதான் இருக்கும்.

விளையாடாதே என்று சொல்லவில்லை. நானும் உன்னுடன் ஆடுவேன். ஒரே ஒரு ஆட்டம், மினிமேப்பை அட்டையால் மறைத்து, பீரங்கியின் குறிநோக்கி வழியாக மட்டும் பார்க்கும் ஸ்னைப்பர் மோடிலேயே, டி-34ஐ எடுத்து அந்த வெளியைக் கடந்து பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன், எதுவரை போக முடிந்தது என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்