கார்வையைக் கற்றுத் தந்தவர்களுக்கு

தாமா ஆற்றங்கரையில் ஞாயிறு காலைகளில் என்னோடு பேஸ்பால் ஆடும் நண்பர்களுக்கும், என் மட்டைவீச்சைத் திருத்த நேரம் ஒதுக்கிய ஒவ்வொருவருக்கும் வணக்கம். ஜப்பானிய மொழியில் உங்களிடம் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். முழுவதையும் தமிழில் எழுதினால்தான் மனம் நிறையும்.

15 ஆண்டுகள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய பழக்கத்தோடு உங்கள் அணிக்கு வந்தேன். முதல் பருவம் முழுவதும் பந்து என்னைக் கடந்த பிறகுதான் மட்டை வந்தது. கை வேகம் போதவில்லை என்று நினைத்துத் தோள்பட்டை வலிக்கும்வரை வீசிப் பழகினேன். குறை கையில் இல்லை என்று முதலில் கண்டுகொண்டவர், எழுபதை நெருங்கும் எங்கள் பயிற்சியாளர்.

ஐயா, "கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போது நீ என்ன செய்வாய்?" என்று அன்று கேட்டீர்கள். அதுவரை அதை யோசித்ததே இல்லை. அந்த ஓட்டத்தின் காலடியோடுதான் என் உடல் தயாராகிவந்திருக்கிறது. இங்கே ஓட்டம் கிடையாது. 18.44 மீட்டர் தள்ளி மேட்டில் நிற்கும் பந்து எறிபவர், நின்ற இடத்திலேயே ஒரு காலை உயர்த்திப் பந்தை எறிந்துவிடுகிறார். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.6 விநாடியில் வந்து சேர்கிறது. நானோ பந்து அவர் கையை விட்ட பிறகே கிளம்பிக்கொண்டிருந்தேன். "அவர் கால் எழும்போது உன் காலும் எழட்டும். உனக்கு அதுதான் ஓட்டம்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக மட்டுமே தனி மடல் எழுதலாம்.

ஆனால் சீக்கிரம் கிளம்பியதும் வேறு தொல்லை வந்தது. பந்து வருவதற்கு முன்பே உடல் முன்னால் சரிந்தது. 'இச்சி, நீ, நோ, சான்' என்று எண்ணச் சொன்னீர்கள். ஜப்பானிய மொழியில் 'இச்சி' ஒன்று, 'நீ' இரண்டு, 'சான்' மூன்று. 'இச்சி'யில் முன்கால் எழும், 'நீ'யில் முன்னே போகும், 'சான்' என்றால் அடி. நடுவில் உள்ள 'நோ' எண்ணே அல்ல என்பதால் அதை விழுங்கிவிட்டேன். என் ஆட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்த என் மனைவிதான் அதைப் பிடித்தாள். மிருதங்கம் கற்றவள். "அது கார்வை, தாளத்தில் அடிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. அங்கே நிற்காமல் தட்டிவிடுகிறீர்கள்" என்றாள். கால் மெல்லப் பதிய, கைகள் இன்னும் பின்னாலேயே காத்திருக்கும் கணம் அது. அப்படிச் சேர்த்துவைக்கும் விசையைத்தான் நீங்கள் 'தமே' என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது அன்றிரவு புரிந்தது.

மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் எங்கள் கேட்சருக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் பக்கவாட்டில் மண்டியிட்டு ஒவ்வொரு பந்தாகத் தூக்கிப் போட்டீர்கள். கிரிக்கெட் டிரைவில் தலை முன்முழங்காலுக்கு மேலே போக வேண்டும். இங்கே அப்படிப் போனால் விசை அங்கேயே செத்துவிடுகிறது. முன்கால் உறுதியாக நிற்க, இடுப்பு முதலில் திரும்ப, பிறகு மார்பு, கடைசியில் கை. இந்த வரிசை உடம்பில் ஏறும்வரை நீங்கள் சலிக்கவில்லை.

ரயில் நிலையத்துக்கு அருகே, எந்திரம் எறியும் பந்தை அடித்துப் பழகும் பேட்டிங் சென்டரை நடத்தும் அம்மாவுக்கும் நன்றி. காசு போட்டுவிட்டு மட்டையை வீசாமல், எந்திரத்தின் கை எழும்போது காலை மட்டும் தூக்கி எண்ணிக்கொண்டு நின்ற என்னை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

1962-ல் ஹிரோஷி அராகவாவின் பயிற்சியில், ஜப்பானின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் சதஹாரு ஓ ஒற்றைக்காலில் நின்று அடிக்கத் தொடங்கினார். முந்தைய ஆண்டு 13 ஹோம் ரன், அந்த ஆண்டு 38. ஓய்வு பெறும்போது 868. அவர் பயிற்சி செய்த ஜயன்ட்ஸ் அணியின் பழைய மைதானமும் இதே ஆற்றங்கரையில்தான் இருந்தது. அவர் அப்படி ஒரு காலைத் தூக்கி நின்றதற்குள் எவ்வளவு பொறுமை இருந்திருக்கும் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் இரண்டாம் பேஸுக்கு மேலே பறந்த என் அடி உங்களுக்கு நினைவிருக்கும். கையில் அதிர்வே இல்லை. ஓட மறந்து நின்ற என்னை "ஓடு, ஓடு" என்று விரட்டியதும் நீங்கள்தான்.

மார்ச் மாதம் மீண்டும் ஆடத் தொடங்கும்போது, மண்ணை நிரவ 'தும்பி' என்று நீங்கள் அழைக்கும் அந்தப் பலகையோடு உங்களுக்கு முன்பே மைதானத்தில் இருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் அணியின் எட்டாவது மட்டையாளர்