பூனை உள்ளே, பறவை வெளியே

அன்பு மகனுக்கு,

பறவை பார்க்கப் பைனாகுலர் வாங்கப் போவதாகவும், அதே கையோடு பூனைக்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னாய். கேட்டு மனம் நிறைந்தது. பறவை பார்ப்பதையும் பூனையையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குட்டிக்கு என்ன வேண்டும், சன்னலுக்கு வெளியே வந்துபோகும் பறவைக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வைக்கும் பாசம் இரண்டில் ஒன்றின் உயிரை வாங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பைனாகுலர். 8×42 வாங்கு. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண் வைக்கும் பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42-ல் அது 4.2 தான். விடியற்காலையிலும் அடர்ந்த மரத்தடியிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பத்து மடங்கில் பறவையோடு சேர்ந்து உன் கை நடுக்கமும் பத்து மடங்காகும். கண்ணில் படும் பரப்பும் பெரும்பாலும் குறுகிவிடும்.

வாங்கியதும் உன் கண்ணுக்கு ஏற்ப அமைத்துக்கொள். மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பதானால் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே இறக்கிவிடு. இல்லையென்றால் வெளியே இழுத்துக்கொள். நடுவிலுள்ள கீலை மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்து. பிறகு தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைப் பார். வலது லென்ஸைக் கையால் மறைத்து, இடது கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்பு. அடுத்து இடதை மறைத்துக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணுக்கு உரிய சிறு வளையத்தை மட்டும் திருப்பு. அது நிற்கும் குறியை நினைவில் வைத்துக்கொண்டால் அதன்பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் சற்று நேரத்தில் தலை வலிக்கிறது.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதே. பார்வை பறவையிலேயே நிற்கட்டும். கை தானாக பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரட்டும். தலையைக் குனிந்து நிமிர்ந்தால் எந்தக் கிளை என்பதே மறந்துவிடும். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதே. முதலில் தூசியை ஊது, மென்மையான பிரஷ்ஷால் தட்டு, அதன்பிறகுதான் லென்ஸ் துணி. மணல்துகள் இருக்கும்போது தேய்த்தால் மேல்பூச்சு கீறும். அதைச் சரிசெய்ய முடியாது.

என்ன பறவை என்று கண்டுபிடிக்கும்போது எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். நான் நிறத்தைக் கடைசியில் வைப்பேன். வெளிச்சம் எதிரே இருந்தால் பச்சைக்கிளிகூடக் கறுப்பாகத்தான் தெரியும். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில். குருவியைவிடப் பெரிதா, காகத்தைவிடச் சிறிதா என்று பார். அலகு கூம்பாகக் குட்டையாக இருந்தால் விதையை உடைப்பது, மெலிந்து கூராக இருந்தால் பூச்சியைப் பொறுக்குவது. வால் நீளமா, அடிக்கடி ஆட்டுகிறதா, தரையில் தத்துகிறதா, நடக்கிறதா? இதையெல்லாம் நோட்டில் எழுதிய பிறகே கையேட்டைத் திற. முதலில் படத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத கோடு ஒன்றையும் பார்த்ததாக மனம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் உன் பட்டியலைப் பதிவுசெய். ஆரம்பித்த நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தாய், ஒவ்வொன்றிலும் எத்தனை பறவை என்று எழுது. உனக்கு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுது. காகத்தையும் புறாவையும் விட்டுவிடாதே. எல்லாம் இருக்கும் பட்டியலில்தான் ‘இன்ன பறவை இங்கே இல்லை’ என்பதும் தகவலாகிறது. அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள். மற்ற பறவைகளின் குரலை அப்படியே பாடிக்காட்டும் பறவைகள் உண்டு, செயலி ஏமாந்துபோகும். கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே எழுது. பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கவும் வேண்டாம். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும்.

இனி குட்டி. வெளியே விடாதே. சாப்பாடு போட்டால் வேட்டையாடாது என்று சொல்பவர்களை நம்பாதே. பசி வேறு, வேட்டை வேறு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய்வரும் பூனைகளுக்கு இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியம் சேராத உணவு கொடுத்தபோது அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்தில் கட்டிய மணியால் சொல்லும்படியான பலன் இல்லை. குறைந்ததே தவிர, எதிலும் நிற்கவில்லை என்பதைக் கவனி. வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதுதான் வேட்டையை நிறுத்தும் வழி. குட்டியிலேயே பழக்கினால் அதற்கு ஏக்கமும் இருக்காது.

ஆனால் உள்ளே அடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டால் அது கொடுமை. ஏறுவதற்கு உயரமான பலகை, நகம் தீட்டக் கயிறு சுற்றிய தூண், சன்னலோரம் ஓர் இருக்கை இவை கட்டாயம். காலையும் மாலையும் கோலில் கட்டிய இறகை ஆட்டிக்காட்டு. ஒரே வேகத்தில் ஆட்டாதே; மறைத்து, நிறுத்தி, திடுக்கென இழு. கடைசியில் அதைப் பிடிக்க விடு, உடனே சாப்பாடு வை. பதுங்கி, பாய்ந்து, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து தூங்குவது என்பதுதான் பூனையின் ஒழுங்கு. நடுவில் வெட்டினால் உன் கணுக்காலைத்தான் கடிக்கும்.

சன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் தெரிந்தால் பறவை அதை வழி என்று நினைத்து மோதும். பருந்துப் படம் ஒன்றை ஒட்டுவதால் பயனில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் புள்ளிகளோ கோடுகளோ வை. இடைவெளி எந்தப் பக்கமும் 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.

தண்ணீர்த் தட்டு வை. தீனியைவிட அதற்குத்தான் அதிக வகைப் பறவைகள் வரும். சொரசொரப்பான தட்டாக, ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேற்படாத ஆழமாக இருக்கட்டும். தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவு. வாரம் ஒருமுறை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வாசனை போகும்வரை அலசி, உலரவிட்டு நிரப்பு. இறகு உப்பி, கிட்டே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தட்டையும் தீனியையும் இரண்டு வாரம் எடுத்துவிடு. கூட்டம் கூடும் இடத்தில்தான் நோய் பரவும். பால் வைக்காதே, பறவைக்குச் செரிக்காது.

தரையில் குஞ்சைப் பார்த்தால் இறகைப் பார். இறகு மூடி, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகுவது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், விட்டுவிடு. வெறும் தோலோடு இருந்தால் கூட்டிலிருந்து விழுந்தது; எட்டினால் திரும்ப வை. மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

பூனை கவ்விய பறவை மட்டும் வேறு. காயமே தெரியாவிட்டாலும் பூனை எச்சிலிலுள்ள பாக்டீரியா நுண்ணிய பல்தடம் வழியாக ரத்தத்தில் கலக்கும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும். துண்டைப் போட்டு மூடி எடு. நெஞ்சை அழுத்திப் பிடிக்காதே. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நமக்கு மூச்சுவிட உதவும் உதரவிதானத் தசை பறவைக்கு இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வை. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதே. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பெட்டியோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ. கண்ணாடியில் மோதியதானால் அதே பெட்டியில் ஓரிரு மணி நேரம் வைத்து, வெளியே கொண்டுபோய்த் திற. பறக்காவிட்டால் அதற்கும் மருத்துவர்தான்.

நண்பர்களின் நாயோடு கடற்கரைச் சேற்றுப்பரப்புக்குப் போனால் கயிற்றை அவிழ்க்காதே. 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ., நடுவில் எங்கும் இறங்காமல், 11 நாளில் பறந்தது. அதற்கான கொழுப்பை இப்படிப்பட்ட சேற்றில் தின்றுதான் சேர்க்கின்றன. நாய் விளையாட்டாக ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பினாலும், சேர்த்ததில் கொஞ்சம் வீணாகிவிடும்.

குட்டிக்கு இன்னும் சில. லில்லிப் பூ எந்த ரூபத்திலும் வீட்டுக்குள் வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூடக் கொல்லும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவாதே. நூல், ரப்பர் பேண்டு, ரிப்பன் எல்லாவற்றையும் மூடி வை. இறகுக் கோலையும் விளையாட்டு முடிந்ததும் அலமாரிக்குள் பூட்டு. விழுங்கிய நூல் வாயிலோ பின்புறமோ தொங்கினால் இழுக்காதே. மறுமுனை உள்ளே சிக்கியிருந்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடு.

அன்புடன்,
அம்மா