வாரம் ஒரு மணி நேரம்

மதுரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். அவருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, காலையில் பேப்பரை அவரே படித்துக்கொள்கிறார். சின்னவனுக்கு ஓசூருக்கு மாற்றல். பொங்கல் கழித்துக் கிளம்புகிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களுக்கு, வீடுகளுக்குப் போய்த் தாய்மாரைப் பார்ப்பது பற்றி வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். ஓய்வு பெற்ற பிறகு நான் தேடித் தேடிப் படிப்பதே இதைத்தான். நாம் காலமெல்லாம் செய்த வேலையைப் பல நாடுகளில் ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பட்டதை எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

முதலில் ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் உள்ள பிள்ளைகள். குலுக்கல் முறையில் நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால் மாவு. இன்னொரு பிரிவுக்குப் பால் மாவு கிடையாது, வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து போவாள். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நாலாவதற்கு இரண்டும் இல்லை. இப்படி 2 ஆண்டுகள்.

வந்து போன பெண்கள் டாக்டர்களும் இல்லை, நர்சுகளும் இல்லை. அதிகம் படிக்காத, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற சமூக சுகாதார உதவியாளர்கள். அவர்கள் பையில் இருந்தது என்ன தெரியுமா? காலி பிளாஸ்டிக் பாட்டில், மூடிகள், அட்டையில் ஒட்டிய படங்கள், துணிப் பொம்மை, சின்னச் சின்ன மரக்கட்டை. வந்து உட்கார்ந்து, ஒரு விளையாட்டைத் தாய்க்குக் காட்டிவிட்டு, அவள் பிள்ளையோடு விளையாடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். அவள் செய்தது நன்றாக இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்வார்கள். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறு ஒன்றைக் கொண்டுவருவார்கள். வேறு பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தப் பிள்ளைகளை விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள். 22 வயதில் 105 பேரைக் கண்டுபிடித்தார்கள், வெளிநாட்டுக்குப் போனவர்களையும் சேர்த்து. வாராவாரம் ஆள் வந்து போன வீட்டுப் பிள்ளைகள், வராத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். படிப்பிலும் முன்னால் நின்றார்கள், அடிதடிக்குப் போவது குறைந்திருந்தது. பால் மாவு முதல் 2 ஆண்டுகளில் நல்ல பலன் தந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ந்த பிறகும் நின்றது அந்த ஒரு மணி நேரம் கொடுத்ததுதான். சத்துமாவும் எடைத் தராசுமாகவே நம் காலம் போயிற்றே கோமதி, இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1970களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற ஊரில் ஆரம்பித்தார். அதற்கு முன் பால்டிமோரில் ஏழைப் பிள்ளைகளின் காப்பகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளை அங்கே வந்து சேருவதற்குள்ளேயே காலம் கடந்துவிடுகிறது என்று கண்டு, தாய் வயிற்றில் இருக்கும்போதே போக வேண்டும் என்று முடிவுசெய்தார். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்கள். பெரும்பாலும் 19 வயதுக்குக் கீழே, அல்லது கல்யாணமாகாதவர்கள், அல்லது வறுமையில் இருந்தவர்கள். குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை நர்சுகள் போனார்கள். 15 ஆண்டு கழித்துப் பார்த்தால், நர்சு போன குடும்பங்களில் பிள்ளைகளை அடித்தது, கவனிக்காமல் விட்டது என்று பதிவான புகார்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

ஆனால் ஓல்ட்ஸ் இதே திட்டத்தைப் பின்னால் டென்வர் நகரத்தில் செய்தபோது கண்ட ஒரு விஷயம் இடிக்கிறது. அங்கே ஒரு பகுதிக்கு நர்சுகளையும், இன்னொரு பகுதிக்கு அந்தச் சமூகத்திலிருந்தே பயிற்சி கொடுத்து எடுத்த பெண்களையும் அனுப்பினார்கள். பாடம் ஒன்றுதான். நர்சுகள் போன இடத்தில் தெரிந்த மாற்றத்தில் ஏறக்குறைய பாதிதான் மற்றவர்கள் போன இடத்தில் பெரும்பாலும் தெரிந்தது. ஜமைக்காவில் நர்சு இல்லாமலே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை? பிரசவத்துக்குப் பிறகு நர்சுகள் போன தடவைகளைவிட மற்றவர்கள் போனது குறைவு. ஜமைக்காவிலோ வாரம் தவறாமல், ஒவ்வொரு தடவைக்கும் திட்டமாக எழுதிவைத்த விளையாட்டோடு, நல்ல மேற்பார்வையோடு நடத்தினார்கள். பட்டத்தைவிட இந்த ஒழுங்குதான் பெரிது என்று நான் நினைக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், நர்சுப் படிப்பை நீ விட்டுக்கொடுத்ததே இல்லை. பதில் எழுது, வாதாடலாம்.

இங்கிலாந்தில் அதே அமெரிக்கத் திட்டத்தைக் கொண்டுபோய் 1645 இளம் தாய்மாரிடம் சோதித்தார்கள். புகைபிடிப்பது, குழந்தையின் பிறப்பு எடை, 2 ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம், அவசர சிகிச்சைக்கு ஓடுவது என்று முக்கியமாக அளந்தவற்றில் ஒன்றும் மாறவில்லை. அங்கே எந்தத் தாய்க்கும் அரசே செவிலியரை வீட்டுக்கு அனுப்புகிறது. ஏற்கெனவே ஆள் வந்து போகும் வீட்டுக்கு இன்னொரு ஆள் போவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது மட்டும் கொஞ்சம் தேறியிருந்தார்கள் என்று பின்னால் வந்த கணக்கு சொல்கிறது. யாருமே எட்டிப்பார்க்காத தாய் எவளோ அவளிடம் முதலில் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் ஜமைக்கா முறையைச் செய்து பார்த்தபோது முதலில் கிடைத்த பலன் 2 ஆண்டில் கரைந்துபோனது. ஒடிசாவில் கட்டாக் குடிசைப் பகுதிகளில் ஜமைக்கா முறையிலேயே செய்து நல்ல பலன் கண்டார்கள். அதே ஒடிசாவின் கிராமங்களில் தாய்மாரைக் கூட்டமாக உட்கார வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே பலனைக் கொடுத்தது, செலவும் குறைவு. அதனால் வீட்டுக்குப் போவது ஒன்றே வழி என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிடாதே.

என் மனத்தை மிகவும் தொட்டது பாகிஸ்தான். ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவர் செய்தது, 2008இல் வெளிவந்தது. கர்ப்பகாலத்திலேயே மனச்சோர்வில் இருந்த 903 பெண்கள். அவர்கள் மனச்சோர்வு தணிய வீட்டுக்குப் போய்ப் பேசியது நம்மைப் போல ஊரூராகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்கள்தான், மனநலம் படித்தவர்கள் யாரும் இல்லை. பிள்ளை பிறந்து 6 மாதத்தில், இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. வெறுமனே வந்து விசாரித்துவிட்டுப் போன ஊர்களில் 53 சதவீதம். பிள்ளைகளின் எடையும் உயரமும் மாறவில்லை, ஆனால் பேதி குறைந்தது, தடுப்பூசி கூடியது.

எப்படி உள்ளே போனார்கள் என்று பார். ‘உனக்கு மனசு சரியில்லை’ என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றார்கள். அதற்கு எந்த மாமியாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். மேலூர் பக்கம் நீ செய்தது நினைவிருக்கிறதா? எதைக் கேட்டாலும் மாமியாரே பதில் சொல்லும் அந்த வீட்டில், ‘பாட்டி, நீங்க எண்ணெய் தேய்ச்சா பிள்ளை அழமாட்டான்’ என்று குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு, மருமகளோடு கொல்லையில் துணி காயப்போடப் போவாய். கொடிக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவள். ஈரத் துணி மறைவில்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள், பால் கொடுக்கவே மனசு வரவில்லை என்று. இந்த மாதிரிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது நம் ஊரில் பிறந்த குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் என்று வீட்டுக்குப் போகும் முறை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி செய்து காட்டியதிலிருந்து நாடு முழுக்க வந்தது அது, எத்தனையோ சிசுக்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அங்கே போகிற பெண்ணின் கண் இப்போது போனில் இருக்கிறது. என்னிடம் படித்த ஒருத்தி, பதிவேற்றம் செய்வதிலேயே பாதி நேரம் போகிறது அக்கா, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடுகிறது என்றாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற கணக்கைக் குறைக்க வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். உன் வகுப்புக்கு அதிகாரிகளும் வருவார்கள் அல்லவா? அவர்கள் இருக்கும்போதே இதைச் சொல், பயப்படாதே.

பிள்ளைகளுக்கான விளையாட்டை வகுப்பில் பேசாமல், கையில் கொடுத்துச் செய்ய வை. டெய்லரிடம் வெட்டுத்துணி வாங்கி வைத்திருக்கிறேன், துணிப் பொம்மை நான் தைத்துத் தருகிறேன். பாட்டில் மூடிகளை நீ சேர்த்து வை. சிறு மூடியைப் பிள்ளை விழுங்கிவிடும், பெரிய வாய் டப்பா மூடியாக எடு. எத்தனை பேர் வருகிறார்கள், எந்த வாரம் என்று உடனே எழுது. இங்கிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடலாமா, நானே எடுத்துக்கொண்டு வரலாமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வி