முகாமில் கல்லீரல் ஸ்கேன் வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களுக்கும், உடல்நலப் பரிசோதனை முகாம் நடத்தும் கோயில் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு கல்லீரல் அல்ட்ராசவுண்டையும் சில முகாம்களில் சேர்த்திருக்கிறீர்கள். நம்மவர்களுக்கு வேண்டிய சோதனைதான். பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முடிவுத் தாளைக் கையில் கொடுத்து அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அண்மையில் ஒரு முகாமில் தொண்டூழியம் செய்தபோது கிட்ட நின்று பார்த்தேன். ஓர் அம்மாவுக்கு வலது விலாவில் ஜெல் தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்று சொல்லிக் கருவியைச் சாய்த்து அழுத்தினார் ஸ்கேன் எடுப்பவர். திரையில் கல்லீரலும் வலது சிறுநீரகமும் அருகருகே தெரிந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். கொழுப்பு சேர்ந்தால் கல்லீரல் வெளுத்துத் தெரியும். ஒலி அலை உள்ளே போகப் போக வலுவிழப்பதால் ஆழமான பகுதி மங்கிவிடும். லேசானதா, கடுமையானதா என்று பிரிப்பது பெரும்பாலும் பார்ப்பவரின் கண்தான்.

"லேசான கொழுப்பு" என்று வந்தது. "லேசுதானே" என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

ஆனால் சாதாரண ஸ்கேனில் முக்கியமாகத் தெரிவது கொழுப்புதான். கல்லீரல் தழும்பேறி இறுகத் தொடங்கியிருந்தால் ஆரம்பத்தில் அதில் தெரியாது. கவலைப்பட வேண்டியதோ அந்தத் தழும்புக்குத்தான். "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. கொழுப்பு 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் பல நேரம் ஸ்கேனில் தப்பிவிடும்.

எப்படியும் ரத்தம் எடுக்கிறீர்கள். ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகள், ரத்தத் தட்டணுக்கள் மூன்றையும் அதிலேயே பார்த்துவிடுங்கள். வயதையும் சேர்த்து, தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு போட ஒரு நிமிடம் ஆகாது. 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2.0. அதற்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று அவர் சொல்வார். குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

முடிவைத் தமிழில் விளக்க, தள்ளி ஒரு மேசை போடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி "லிவர்ல பிரச்சினை" என்றால் கேட்பவர் கூசிப்போகிறார். லிவர் என்றாலே குடி என்றுதானே நம் ஆட்கள் நினைக்கிறார்கள்! மதுவைத் தொடாதவருக்கும் எடையாலும் சர்க்கரையாலும் இது வருகிறது, உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் நல்ல பலன் தெரியும் என்பதை அந்த மேசையில் பொறுமையாகச் சொல்லலாம். அப்புறம், ரத்தம் எடுத்த கையோடு நீட்டும் அந்த இனிப்புத் தேநீரை பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக்கினால் என்ன?

40 வயதைத் தாண்டிய குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் 'ஹெல்தியர் எஸ்ஜி' என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் அவர்கள் பதிந்துகொண்ட குடும்ப மருத்துவரிடம் ஒரு கடிதத்தோடு அனுப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வரும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகளுக்கு அந்த வழி இல்லை. அவர்களை எந்த மருத்துவரிடம் அனுப்புவது, செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு ஸ்கேன் கருவியை வரவழையுங்கள்.

அன்புடன்,
ஒரு தொண்டூழியர்