கேமராவ போடுன்னு ஏன் உசுர வாங்குறேன்னா

கண்ணா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ கேட்டேன், உங்கப்பாவுக்கும் போட்டுக் காட்டுனேன், அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "உனக்கு ஏம்மா இத்தன கிறுக்கு"ன்னு நீ அடுக்குனதுல ஒண்ணு கூட பொய் இல்ல. போன எடுத்தா ஹலோ ஹலோன்னு நிறுத்தாம சொல்றேன். டிவி சவுண்டு இரட்டப்படை நம்பர்ல தான் இருக்கணும், பதிமூணுல வச்சா எனக்கு படமே ஓடாது. பூட்டுன கதவ திரும்பப் போயி இழுத்துப் பாக்குறேன். பக்கத்துல யாராச்சும் பேனாவ டிக் டிக்னு அமுக்கிட்டே இருந்தா எந்திரிச்சு வேற ரூமுக்கு போயிடுவேன், இல்லன்னா பேனாவ புடுங்கிடுவேன். யாரு வெளிய கெளம்புனாலும் வாசல்ல நிறுத்தி உச்சிலேர்ந்து பாதம் வரைக்கும் பாக்குறேன், அதுக்கு நீ ஏர்போர்ட் செக்கிங்னு பேர் வேற வச்சிருக்க. அப்பறம் எப்ப பேசுனாலும் கேமராவ போடு கேமராவ போடுன்னு உசுர வாங்குறேன்.

மத்ததுக்கு எங்கிட்ட காரணம் கெடையாது, அது அப்படித்தான். கடைசி ரெண்டுக்கும் இருக்கு. அத போன்ல சொல்ல வரல எனக்கு, நீ பாதியில "சரிம்மா சரிம்மா"ன்னு சொல்லி வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோ, இந்த கீபோர்டு நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு போடுது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, நீ என்னமோ கிறுக்கே இல்லாதவன் மாதிரி பேசுறியே. போர்வைக்கு வெளிய ஒரு கால நீட்டிட்டு தூங்குறது யாரு. தலமுடிய யாராச்சும் தொட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்குறது யாரு. இருட்டுலேர்ந்து வெயிலுக்கு வந்த உடனே ரெண்டு தும்மல் போடுவியே, அது அப்படியே என்கிட்டேர்ந்து வந்தது. நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அது உண்டாம், பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம், படிச்சேன். பிரான்சிஸ் பேக்கன்னு ஒருத்தரு நானூறு வருசத்துக்கு முன்னாடியே கண்ண மூடிட்டு வெயில்ல நின்னு பாத்தாராம், தும்மல் வரலயாம், அப்ப கண்ணுக்கும் தும்மலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காரு. நீ ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிறப்ப தும்முனா சளின்னு நெனச்சு மருந்து குடுத்துட்டே இருந்தேன், நானும் உன் பக்கத்துல நின்னு தும்மிக்கிட்டே. உனக்கும் அக்காவுக்கும் நடுவுல அது உனக்கு மட்டும் வந்திருக்கு. எனக்கு அதுல ஒரு சந்தோசம், சிரிக்காத.

சரி விசயத்துக்கு வர்றேன்.

உன் அக்கா ஒரு நாள் போன்ல ஒரு கேள்வித்தாள அனுப்புனா, "ஜாலியா போட்டுப் பாரும்மா"ன்னு. டேவிட் மார்க்ஸ்னு ஒரு மனோதத்துவக்காரரு 1973ல போட்டதாம், மொத்தம் 16 கேள்வி. கண்ண மூடிட்டு ஒண்ண நெனச்சுப் பாக்கணும், அது எவ்வளவு தெளிவா தெரியுதுன்னு அஞ்சுக்குள்ள மார்க் போடணும். மொத கேள்வியே, அடிக்கடி பாக்குற, ஆனா இப்ப பக்கத்துல இல்லாத ஒரு சொந்தக்காரரயோ பிரண்டயோ நெனச்சுக்கோ, அவங்க முகம் எப்படி இருக்கு, தலைய எப்படி வச்சிருப்பாங்க, எப்படி நடப்பாங்க, வழக்கமா போடுற துணி என்ன கலரு. நான் உன்ன நெனச்சேன். வேற யார நெனைக்கப் போறேன்.

ஒண்ணும் வரல கண்ணா. கருப்பு, அவ்வளவுதான். கேள்விய தப்பா புரிஞ்சிட்டேனோன்னு உங்கப்பாகிட்ட கேட்டேன், "தெரியும்னா சும்மா ஒரு பேச்சுக்கு தானே"ன்னு. அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. "இல்லயே, நெசமாவே தெரியும், அவன் பல்லு தேய்ச்சுக்கிட்டே நடந்து வர்றது கூட தெரியுது"ங்குறாரு. உன் அக்காவுக்கு சினிமா மாதிரி ஓடுதாம், கலரோட, அவ வேணும்னா திருப்பிக் கூட பாப்பாளாம். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தன வயசு வரைக்கும், "கண்ணுக்குள்ளயே நிக்குது"ன்னு ஊர்ல எல்லாரும் சொல்றது சும்மா வாய் வார்த்தைன்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன். எல்லாருக்கும் நெசமாவே நிக்குதாம்டா, எனக்குத்தான் நிக்கல.

அதுக்கப்பறம் ராத்திரி தூங்காம படிச்சேன். அஃபேன்டேசியான்னு பேரு. எக்ஸெட்டர் யுனிவர்சிட்டில ஆடம் ஜீமன்னு ஒரு நரம்பு டாக்டரு 2015ல தான் அதுக்கு பேரே வச்சிருக்காரு. அதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒருத்தரு வந்திருக்காரு, இருதயத்துக்கு ஒரு சிகிச்ச பண்ணதுக்கு அப்பறம் மனசுல படமே வரலன்னு, அவரப் பத்தி எழுதினத படிச்சிட்டு "எங்களுக்கு பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்"னு நெறைய பேர் எழுதியிருக்காங்க. நூத்துல ஒருத்தர்லேர்ந்து நாலு பேரு வரைக்கும் இருக்கலாமாம். 1880லயே கால்டன்னு ஒருத்தரு, காலைல நீங்க சாப்ட மேசைய மனசுல கொண்டு வந்து பாருங்கன்னு கேட்டிருக்காரு, பெரிய பெரிய விஞ்ஞானிங்களே அப்படி ஒண்ணு இருக்குன்னு நம்ப மாட்டேன்னுட்டாங்களாம். பிக்ஸார் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல எட் கேட்மல்னு ஒருத்தரு, உன்ன நான் தியேட்டருக்கு கூட்டிட்டுப் போனேனே அந்த பொம்மப் படமெல்லாம் எடுத்தவங்க, அவருக்கும் மனசுல படம் வராதாம். அத படிச்சதும்தான் கொஞ்சம் நிம்மதியாச்சு. வியாதி இல்ல, மருந்தும் கெடையாது. நீ உடனே கூகுள் பண்ணி டாக்டர பாரும்மான்னு ஆரம்பிச்சிடாத.

நேர்ல பாத்தா முகம் நல்லா தெரியும், ஆயிரம் பேர்ல கூட உன்ன கண்டுபிடிச்சிடுவேன், அதுல குழப்பமே இல்ல. நீ அந்தப் பக்கம் திரும்புனா போச்சு, அவ்வளவுதான். ஆனா உன்னப் பத்தின விவரம் எல்லாம் இருக்கும். இடது புருவத்துல தழும்பு, கீழ் உதட்டுல மச்சம், மூக்கு உங்கப்பா ஜாட, சிரிச்சா வலது பக்கம் மட்டும் குழி. லிஸ்டு மாதிரி சொல்லுவேன். படம் மட்டும் இல்ல.

நீ கூட்டத்துல தொலஞ்சு போனியே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா தெரியல, உங்கப்பாவுக்கு இன்னும் ஆறல. மைக்குல சொல்றவரு "பையன் என்ன சட்ட போட்டிருந்தான்"னு கேட்டாரு. நான் தழும்பு சொல்றேன், மச்சம் சொல்றேன், விழுந்த பல்லு எதுன்னு சொல்றேன், அவரு "அதெல்லாம் அப்பறம்மா, சட்ட கலரு"ங்குறாரு. வாயத் தொறந்தேன், ஒண்ணும் வரல. காலைல நான் தான் மாட்டி விட்டேன், அந்த பட்டன் போட்ட கை இதுதான். உன் சித்தி பக்கத்துல இருந்தா, அவ உன்ன அன்னைக்கு ஒரு நிமிசம் பாத்திருப்பாளோ என்னமோ, கண்ண மூடுனா, மூடிட்டே சொல்றா, "மஞ்ச டீ ஷர்ட், கழுத்துல பச்ச பட்டி, நிக்கர்ல ஒரு பக்கம் பாக்கெட் வெளிய தொங்கும்"னு. மூடுன கண்ணுக்குள்ள அவ கருவிழி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனத பாத்தேன். அவ எதையோ பாத்து படிக்கிற மாதிரி இருந்துச்சு. இப்ப புரியுது, பாத்துத்தான் படிச்சிருக்கா.

நீ கெடச்சுட்ட, ஐஸ்கிரீம் கடக்காரரு பக்கத்துல ஜாலியா நின்னுட்டு இருந்த, அழக்கூட இல்ல, படவா. ஆனா "பெத்தவளுக்கு பிள்ள என்ன போட்டிருக்கான்னு தெரியல"ன்னு உங்கப்பா சொன்ன அந்த ஒரு சொல்லு எனக்கு இன்னைக்கும் கெடக்கு. அன்னைலேர்ந்து தான் ஏர்போர்ட் செக்கிங். வாசல்ல நிறுத்தி மனசுக்குள்ள சொல்லிக்குவேன், கட்டம் போட்ட சட்ட, கருப்பு பேன்ட்டு, வாட்ச்சு இடது கை. நீ காலேஜ் போறப்பவும் சொல்லிக்குவேன், கல்யாண மண்டபத்துக்கு போறப்பவும் சொல்லிக்குவேன். பிரண்ட்ஸ் முன்னாடி "என்னம்மா ஸ்கேன் பண்ற"ன்னு நீ கத்துனப்ப கோவம் தான் வந்துச்சு, காரணம் எனக்கே அப்ப தெரியாது.

அதனால தான் கேமரா. போன் கவருக்குள்ள உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வச்சிருக்கேன், அத பாத்து உன் அக்கா கிண்டல் பண்றா. ஆனா அதுல இருக்குறது பழைய நீ, கன்னம் இருக்குற நீ. இப்ப எப்படி இருக்கன்னு எனக்கு யாராச்சும் காட்டுனா தான் உண்டு. மத்த அம்மாங்க எல்லாம் பிள்ளைய நெனச்சா அவங்களுக்கு முகம் வந்துடுது, அவங்க பிள்ளைங்க மாசக்கணக்கா கேமராவ ஆஃப் பண்ணி வச்சாலும் ஒண்ணும் இல்ல. கனவுல மட்டும் வருவ, நல்லா தெளிவா வருவ, அது இந்த மாதிரி ஆளுங்க நெறைய பேருக்கு உண்டாம். முழிச்சா போயிடும்.

உன் மேல எனக்கு என்ன குறை. நீ உன் சொந்தக் காசுல படிச்ச, எங்ககிட்ட ஒரு ரூபா கேக்கல, அத எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா, உங்கப்பா "போதும் கண்ணு பட்டுடும்"னு சொல்ற அளவுக்கு. அப்படிப்பட்டவன் தான், நெட்டு சரியில்லம்மா, லைட்டு சரியில்லம்மா, முடி வெட்டலம்மான்னு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்ற. முடி வெட்டலன்னா என்ன, நான் பாக்காத முடியா.

எனக்கு படம் தான் வராது, குரல் நல்லா வரும். நீ பேசி முடிச்ச பிறகும் அப்படியே உள்ள கேக்கும். முன்னாடி பகல்ல கூப்பிட்டா பின்னாடி யாராச்சும் பேசிட்டே இருப்பாங்க, லிஃப்ட் மணி அடிக்கும், நீ "ஒரு நிமிசம்மா மீட்டிங்"ம்ப. இப்ப பகல் பதினோரு மணிக்கு கூப்பிட்டாலும் ஃபேன் சத்தம் மட்டும் தான். ஒரு வேள வீட்டுலேர்ந்து வேல பாக்க சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல. எழுந்திரிச்ச உடனே பேசுற குரல் வேற, அது எனக்கு தெரியும், அது மத்தியானம் மூணு மணிக்கு கேக்குது. நேரத்துக்கு தூங்கு. போன தலமாட்டுல வைக்காத. வேல இருந்தாலும் இல்லன்னாலும் நேரத்துக்கு தூங்கு, நான் எதையும் மனசுல வச்சு சொல்லல, பொதுவா சொல்றேன்.

பேய்க்கத படிச்சா இந்த மாதிரி ஆளுங்களுக்கு பயத்துல வேர்க்கறதில்லன்னு சோதன பண்ணி பாத்திருக்காங்க, அதே படமா காட்டுனா மத்தவங்க மாதிரியே வேர்க்குதாம். அப்ப மனசுல படம் வராதவளுக்கு கவலையும் கம்மியா இருக்கணும்னு உங்கப்பா லாஜிக் பேசுறாரு. எனக்கு படம் இல்ல, அதுக்கு பதிலா லிஸ்டு தான் ஓடும். ஃபேன் சத்தம், மூணு மணி குரல், கேமரா ஆஃப், நெட்டு சரியில்ல. ராத்திரி பூரா அதையே மாத்தி மாத்தி அடுக்கிட்டு கெடக்கேன்.

மெலிஞ்சிருந்தாலும் சரி, தாடி வச்சிருந்தாலும் சரி, கண்ணுக்கு கீழ கருப்பா இருந்தாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சரி, சொல்லுவேன், ஒரு தடவ சொல்லுவேன், அதோட நிறுத்திக்குவேன். பேச வேணாம்னா ஒரு போட்டோ மட்டும் அனுப்பு, இன்னைக்கு எடுத்தது. பழசு அனுப்பாத, சட்டைய வச்சு கண்டுபிடிச்சிடுவேன், உன் சட்ட எல்லாம் எனக்கு மனப்பாடம்.

உங்கப்பா கண்ணு டெஸ்ட்டுக்கு போயிட்டு வந்தாரு, கண்ணாடி பவர் மாத்தியிருக்காங்க. மாடி வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க. வேற விசேசம் இல்ல.

அப்பறம், உன் அக்காகூட பேசுறப்ப நீ கேமரா போடுறன்னு எனக்கு தெரியும். அவ சொல்லல, குழந்த ஒளறிடுச்சு, "மாமா தாடி"ன்னு. அக்காகிட்ட கேட்டா "நல்லா தான்மா இருக்கான்"னு சொல்லிட்டு பேச்ச மாத்துறா, அவளும் என் வயித்துல பொறந்தவ தான், எனக்கு தெரியாதா. ஞாயித்துக்கெழம அவ இங்க வர்றா. அவ போன்லேர்ந்து தான் கூப்பிடுவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன். எடு.

அம்மா