பட்டியல் போனது, எண்ணிக்கை போகவில்லை

ஆசிரியருக்கு,

தரமானவை என ஏற்கப்பட்ட ஆய்விதழ்களின் ‘யுஜிசி-கேர்’ பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்ததையும், இதழ்களின் தரத்தை இனி உயர்கல்வி நிறுவனங்களே தீர்மானிக்க வேண்டியிருப்பதையும் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முடிவு சரியே. ஆனால், பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையையே பெரிதாகப் பார்க்கும் வழக்கம் நீடிக்கும் வரையில், வணிகவியல், கணினி அறிவியல் ஆசிரியர்கள் தமக்கு உண்மையில் ஆர்வமுள்ள பொருளை விட்டுவிட்டு, எளிதில் அச்சேறும் தலைப்புகளையே நாடுவார்கள். வேலூரில் நான் வணிகவியல் கற்பித்த கல்லூரியில், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்கூடங்களின் அடக்கவிலைக் கணக்கை ஆராயத் தொடங்கிய சக ஆசிரியர் ஒருவர், களப்பணிக்கு ஆகும் காலத்தில் நான்கு கட்டுரைகள் எழுதிவிடலாம் என்று கூறி, வாடிக்கையாளர் மனநிறைவு பற்றிய வினாப்பட்டியல் ஆய்வுக்கு மாறிக்கொண்டார். (அந்தத் தலைப்பில் இன்னும் எத்தனை ஆய்வுகள் வரவிருக்கின்றனவோ!)

சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தனக்கான வரையறைகளை வகுக்கும்போது, வடார்க்காட்டுப் பகுதியின் தொழில்களை நேரில் சென்று ஆராயும் பணிக்குத் தனி மதிப்பளிப்பதோடு, அத்தொழில்களை அறிந்த ஒருவரையேனும் மதிப்பீட்டுக் குழுவில் சேர்க்கலாம்.

– ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர், காட்பாடி